ஒரே தெரு, இரண்டு தண்ணீர்

"இங்க தண்ணி எப்படி?" ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மனை வாங்கப் போகிறவர்கள் விலைக்கு முன்னால் கேட்பது இதைத்தான். பதில் பெரும்பாலும் இப்படி வரும்: "நமக்கு நல்ல தண்ணி. எதுத்த வீட்டுக்காரருக்கு உப்பு, வாயில வைக்க முடியாது." நடுவில் இருப்பது இருபதடித் தெரு. இரண்டு வீட்டின் மேலும் விழுவது ஒரே மழை, மேற்கே தெரிவது ஒரே மலை. போர் போட்ட வண்டிகூட ஒன்றாகவே இருக்கலாம். பிறகு எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்?

"பூமிக்கு அடியில ஆறு ஓடுது, அவங்க போர் அதுல விழுந்துருச்சு" என்பது ஊரில் கிடைக்கும் விளக்கம். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மனைக்குள் நடந்து நீரோட்டம் பார்ப்பவரும் இதையேதான் சொல்வார். அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வருவதும் உண்டு. நூறடி தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காதா என்று சோதித்துப் பார்க்க யாரிடமும் பணம் இல்லாததால் அவர் பெயர் கெடுவதில்லை.

உண்மையில் நம் காலடியில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. காவிரிப் படுகையில் ஆழமான மணல் இருக்கிறது. அங்கே மணலுக்கும் மணலுக்கும் இடையே உள்ள இடுக்குகளில் தண்ணீர் ஏறத்தாழச் சீராகப் பரவி நிற்கும். தமிழ்நாட்டின் முக்கால் பங்கு நிலம் அப்படிப்பட்டதல்ல, கடும்பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. பல்லாவரம் பக்கத்துக் கல் ஒன்று கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறையில் பதிக்கப்பட்டிருந்தது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்து 1893-ல் அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே வந்தால் பெரும்பாலும் நைஸ் எனப்படும் வரிப்பாறை. இரண்டையும் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

தண்ணீர் இருப்பது பாறையில் விழுந்த வெடிப்புகளில். சித்திரை மாதத்துக் கரிசல் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் மண்கட்டி எதையும் குடிக்காது, அத்தனையும் வெடிப்புக்குள் ஓடி மறைந்துவிடும். அந்தக் காட்டில் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் குத்தினால், ஒரு குத்து வெடிப்பில் இறங்கும். ஒரு சாண் தள்ளிக் குத்தினால் கட்டியில் முட்டி நிற்கும். போர் வண்டிக்காரர்கள் "நூத்தம்பதுல ஒரு வெடிப்பு விழுந்துச்சு" என்று சொல்வது இதைத்தான். உங்கள் போர் ஒரு வெடிப்பைத் தொட்டிருக்கிறது, எதிர்வீட்டுப் போர் வேறொன்றை. இரண்டும் உள்ளே எங்கும் சந்திக்காமலே போகலாம்.

ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு வழியாக நிரம்புகிறது. ஒன்று கண்மாயின் அடியிலிருந்து போன மழைக்காலத் தண்ணீரை வாங்கும். இன்னொன்றில் பல ஆண்டுக்கு முந்தைய தண்ணீர் பாறையைக் கரைத்தபடி கிடக்கும். தண்ணீரின் வயதை எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். ஹைட்ரஜனில் டிரிட்டியம் என்றொரு கனமான வகை உண்டு, கதிரியக்கம் உள்ளது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்துப் பார்த்தபோது உலகம் முழுவதும் மழைநீரில் டிரிட்டியம் எகிறியது. அது சுமார் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே ஒரு கிணற்று நீரில் டிரிட்டியம் தென்பட்டால் அதில் குண்டுச் சோதனைகளுக்குப் பிந்தைய மழை கலந்திருக்கிறது. அறவே இல்லையென்றால் அது பழைய தண்ணீர். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதையே வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். மழைக்கு முன் மண்ணுக்குள் கொஞ்சம் டிரிட்டியத்தைச் செலுத்திவிட்டு, மழை முடிந்தபின் அது எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்று தோண்டி அளந்தார்கள்.

இத்தகைய அளவைகளையும் கிணற்று நீர்மட்டக் கணக்குகளையும் கொண்டு மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு 1997-ல் வகுத்த விதிப்படி, சார்னோக்கைட் பகுதியில் மழையில் 5 விழுக்காடுதான் நிலத்தடிக்குப் போகிறது. சிதைந்து இளகிய, களிமண் குறைவான நைஸ் பகுதியில் 11 விழுக்காடு. இவ்வூர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்ட் மனையில், அதாவது 2,400 சதுர அடியில், தானாக உள்ளே இறங்குவது ஆண்டுக்குச் சுமார் 9,000 முதல் 20,000 லிட்டர். நபருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில் நால்வர் குடும்பம் ஓராண்டில் இறைப்பது ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். மீதி எங்கிருந்து வருகிறது? உங்கள் மனைக்கு வெளியிலிருந்துதான்: மலையடிவாரத்து ஓடைகளிலிருந்து, செண்பகத்தோப்புப் பக்கமிருந்தும் அய்யனார் கோயில் பக்கமிருந்தும் இறங்கிவரும் தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்துவைக்கும் கண்மாய்களிலிருந்து. பாறை மெதுவாகத்தான் குடிக்கும், அதற்கு நேரம் கொடுப்பது கண்மாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயில் விழும் சாக்கடை, வயலுக்குப் போவதோடு நிற்காமல் யார் யாருடைய வெடிப்புக்கோ போகிறது என்பதும் இதிலேயே அடக்கம்.

இனித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். எத்தனையோ பொருள்கள் இருக்கலாம் என்றாலும், வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு பிரிவினை. சில பாறை கொடுத்தவை, சில நாம் கொடுத்தவை. பாறை கொடுப்பது மெதுவாக மாறும். நாம் கொடுப்பது ஒரு மழையில் மாறும். எதை எப்போது சோதிப்பது என்பது இதிலிருந்தே வந்துவிடும்.

பாறை கொடுப்பதில் கடினத்தன்மை எல்லோருக்கும் தெரிந்தது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளைப் படிவு ஏறும். வேலைக்கு இடைஞ்சல்தான், உடலுக்குப் பெரிய ஆபத்தில்லை. மக்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்பது வேடிக்கை. பயப்பட வேண்டியது ஃப்ளூரைடுக்கு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை.

நெல்லூர் பழைய சென்னை மாகாணத்தில் இருந்தபோது, அந்த மாவட்டத்துச் சில ஊர்களில் முதுகு விறைத்து, மூட்டு மடங்காமல் மக்கள் முடங்கினார்கள். ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-ல் அதற்குக் காரணம் குடிநீரில் உள்ள ஃப்ளூரைடு என்று எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். உடலுக்குள் போகும் ஃப்ளூரைடு பல்லிலும் எலும்பிலும் சேர்கிறது. பல் உருவாகும் வயதில் மிகுதியாகக் குடித்த குழந்தைக்கு, முளைக்கும் நிலைப்பற்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது. எலும்புக்கு வரும் கேடு பல ஆண்டு கழித்தே தெரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம். இந்த வரம்பைத் தாண்டிய கிணறுகள் உள்ளவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறிப்பிடும் தமிழக மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. மாவட்டத்துக் கிணறெல்லாம் அப்படி என்று பொருளல்ல. எந்தக் கிணறு என்பது சோதித்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பாறையில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளூரைடைப் பிடித்துக் கால்சியம் ஃப்ளூரைடாக்கிக் கீழே படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் ஃப்ளூரைடு தங்குகிறது. அதாவது நன்றாக நுரைக்கிற, பருப்பு வேகிற, ஊரே பாராட்டுகிற தண்ணீரில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. நாக்கை நம்பித் தண்ணீரைத் தேர்ந்தெடுத்த நம் வழக்கம் எத்தனையோ விஷயத்தில் சரியாகவே இருந்தது. இந்த இடத்தில் மட்டும் கைவிட்டுவிடுகிறது.

நாக்கின் இடத்தை இப்போது பேனா அளவில் ஒரு கருவி பிடித்துக்கொண்டது. ஆர்.ஓ. விற்க வருகிறவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டர்தான் அது. இரண்டு முனைகளுக்கு இடையே தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்த உப்புகளின் மொத்த அளவு இத்தனை என்று காட்டும். மொத்தம் மட்டும்தான். கருவி 600 என்று காட்டினால், அந்த 600-ல் கால்சியம் எவ்வளவு, சமையல் உப்பு எவ்வளவு, ஃப்ளூரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஃப்ளூரைடு 3 மில்லிகிராம் இருந்தாலும் 600-ல் அது கண்டுகொள்ள முடியாத சிறு பங்கு. கிருமி மின்சாரம் கடத்துவதில் சேர்த்தியே இல்லை. சாக்கடைக் கிருமி கலந்த மழைநீரில் முக்கினால் கருவி 40 என்று காட்டும், பார்க்கிறவர் மகிழ்வார். மீட்டரில் பயன் இல்லாமல் இல்லை. வழக்கமாக 700 காட்டும் உங்கள் போர் ஒரு நாள் 1,100 காட்டினால் ஏதோ நடந்திருக்கிறது என்று எச்சரிக்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

அடுத்தது நாம் கொடுத்தவை. கழிவறைக் குழிக்குள் போகும் சிறுநீரின் யூரியா முதலில் அம்மோனியா ஆகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலுக்குப் போடும் யூரியாவும் இதே பாதையில்தான் போகிறது. களிமண் துகள்கள் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை, அது தண்ணீரோடு தண்ணீராக வெடிப்புக்குள் இறங்கிவிடும். அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதைப் பார்த்து, காரணம் நைட்ரேட் என்று 1945-ல் எழுதினார். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவதால் வரும் நீலம் அது. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், இதில் சலுகை கிடையாது.

பரிசோதனைத் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இருந்தால் கழிவு அண்மையில் கலந்திருக்கிறது, இன்னும் முழுதாக மாறவில்லை. நைட்ரேட் மட்டும் என்றால் பழைய கலப்பு, அல்லது தூரத்திலிருந்து வந்தது. நைட்ரேட்டோடு குளோரைடும் அக்கம்பக்கத்துக் கிணறுகளைவிட உங்கள் கிணற்றில் தூக்கலாக இருந்தால் வயலைவிட முதலில் கழிவறைக் குழியைச் சந்தேகப்படுங்கள். நாம் தின்னும் உப்பு அங்கேதான் போய்ச் சேருகிறது.

கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி இருந்தால் போதும் என்றொரு கணக்கைக் கொத்தனார்கள் சொல்வார்கள். மணல் பூமியில் அது ஓரளவு சரி. மணல் கிருமியை வடிகட்டும், போகும் வழியிலேயே பெரும்பாலானவை செத்தும் போகும். பாறை வெடிப்பில் வடிகட்ட எதுவும் இல்லை. ஐம்பதடியைத் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கடக்கும் என்பது வெடிப்பைப் பொறுத்தது. இங்கே நிலம் மலையிலிருந்து கிழக்கே சரிகிறது, நிலத்தடி நீரும் பெரும்பாலும் அந்தச் சரிவிலேயே நகரும். அதனால் குழியை மேற்கிலும் போரைக் கிழக்கிலும் வைக்காதீர்கள். அதைவிட முக்கியம் கேசிங் பைப். மேல் மண்ணையும் சரளையையும் தாண்டி, கெட்டிப் பாறைக்குள் இறங்கி உட்காரும் வரை அது போக வேண்டும், சுற்றிலும் சிமென்ட் பால் ஊற்றி அடைக்கவும் வேண்டும். பத்தடி கேசிங்கை மிச்சம் பிடிப்பவர், மேல்மட்டத்து அழுக்குத் தண்ணீரைச் செலவில்லாமல் போருக்குள் இறக்கிக்கொள்கிறார்.

வீட்டிலேயே என்ன சோதிக்கலாம்? கடினத்தன்மைக்கு ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் கிளார்க் 1840களில் பயன்படுத்திய முறை இன்றும் செல்லும். இரண்டு பாட்டிலில் சம அளவு தண்ணீர், ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் பிடித்து வைத்த மழைநீர். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை ஐந்து நிமிடம் நிற்க ஒவ்வொன்றுக்கும் எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணினால் விஷயம் புரியும். துணி சோப்புப் பவுடர் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும்படி செய்தது. இரும்புக்குக் கடுக்காய்ப் பொடி. இறைத்தவுடன் தெளிவாக இருந்து, வாளியில் வைத்தபின் செந்நிறமாகும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் கருநீலம் ஓடும். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது, பழைய காலத்து மையும் இதே வேதியியல்தான்.

கிருமிக்கு ஒரு குப்பி இருக்கிறது. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர் உருவாக்கி 1982-ல் வெளியிட்ட எளிய சோதனை. குடலில் இருந்து வரும் நுண்ணுயிர்களோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாக்கும் வகைகளும் சேர்ந்தே வருகின்றன. குப்பிக்குள் அவற்றுக்குத் தீனியும் கொஞ்சம் இரும்பு உப்பும் இருக்கும். தண்ணீரைக் குறியிட்ட அளவுக்கு ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், வாயு உண்டான தண்ணீர் இரும்போடு சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். கறுத்தால் குடிக்காதீர்கள். கறுக்காவிட்டால் அன்றைக்குப் பரவாயில்லை, அவ்வளவே. சாக்கடை கலக்காத சில ஆழமான போர்களிலும் இயற்கையாகவே சல்ஃபைடு இருந்து குப்பியை ஏமாற்றும். ஆகவே இறுதித் தீர்ப்பு ஆய்வகத்தின் ஈ.கோலை சோதனைதான். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஃப்ளூரைடுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கிராமப்புறச் சோதனைப் பெட்டி உதவும். அதில் உள்ள சாயத்தை சிர்கோனியம் என்ற உலோகத்தோடு பிணைத்திருப்பார்கள், நிறம் இளஞ்சிவப்பு. ஃப்ளூரைடு வந்தால் சிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பறித்துக்கொள்ளும், நிறம் மஞ்சளை நோக்கி மாறும். அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. உங்கள் ஊராட்சியில் அந்த ஐவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

துல்லியம் வேண்டுமென்றால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தனியாரும் கொடுக்கலாம். மாதிரி எடுப்பதில்தான் பாதி சோதனை கெடுகிறது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, மேல்தொட்டியிலிருந்து அல்லாமல் போர்க் குழாயிலிருந்தே பிடியுங்கள். சுத்தமான இரண்டு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டில் வேண்டும். அதை அலசக் கூடாது, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். பாறை கொடுத்தவற்றைக் கோடைக் கடைசியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை போதும். கிருமியையும் நைட்ரேட்டையும் ஒவ்வோர் ஐப்பசியிலும், முதல் பெருமழை பெய்தவுடன் பார்க்க வேண்டும். போரை ஆழப்படுத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து.

தாள் மோசமாக வந்தால், எது மோசம் என்பதைப் பொறுத்தே மருந்து. கிருமி என்றால் கொதிக்க வைத்தால் போதும். திறந்த கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர், ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம். இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றுக்குச் சுமார் 24 கிராம், ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும். நைட்ரேட்டுக்கும் ஃப்ளூரைடுக்கும் கொதிக்க வைப்பது கேடு. தண்ணீர் ஆவியாகும், அவை அடியில் தங்கிச் செறிவாகும். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீரோ, சுத்தமாகப் பிடித்த கூரை மழைநீரோ, ஆர்.ஓ.-வோ வேண்டும். குளிக்கவும் துவைக்கவும் அதே போர் நீர் போதும். ஆர்.ஓ. கழித்து வெளியேற்றும் உப்பு நீரை மழைநீர்க் குழிக்குள் விடும் வீடுகள் உண்டு. பாறையிடமிருந்து வாங்கியதைச் செறிவாக்கி அதன் தலையிலேயே கொட்டும் வேலை இது.

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு நம் வீடுகளில் குழி வந்துவிட்டது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 74,000 லிட்டர் விழுகிறது, மனை தானாகக் குடிப்பதைவிடப் பல மடங்கு. அதில் பிழை செய்வது எளிது. கூரை நீரை மணலும் ஜல்லியும் போட்ட குழியில் வடித்து விடுங்கள். முற்றத்து நீரையும் தெரு நீரையும் ஓடும் போருக்குள் நேரடியாக விடாதீர்கள். மணலே இல்லாத பாறைக்குள் நீங்கள் எதை விடுகிறீர்களோ, அதுதான் நாளை மேலே வரும். தண்ணீர் வற்றிய பழைய போரைச் சாக்குப் போட்டு மூடி வைப்பது இன்னும் மோசம். 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையை நாம் இழந்தது சரியாக அடைக்காத பழைய போர் ஒன்றில்தான். அந்த உயிர் ஒன்றே போதும் காரணமாக. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மூடாத போர் என்பது மேல்மட்டத்து அழுக்குக்கு அடிப்பாறை வரை போட்டுக் கொடுத்த குழாயும் கூட. களிமண்ணாலும் கான்கிரீட்டாலும் அடைத்துவிடுங்கள். கழிவறைத் தண்ணீரை அதில் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், உங்கள் தெருவில் குடிக்கும் எல்லோருக்கும் சேர்த்து மறுத்துவிடுங்கள்.

வருகிற ஐப்பசியில் தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் மாதிரி எடுத்து அனுப்புங்கள். வந்த தாள்களை ஒரே மேசையில் பரப்பி, வீட்டு வரிசைப்படி ஃப்ளூரைடையும் நைட்ரேட்டையும் எழுதிப் பாருங்கள். யாருடைய தண்ணீரை யார் குடிக்கலாம், எந்தக் குழி ஒழுகுகிறது என்பது தனித்தனியாக வைத்திருந்தால் தெரியாது.